அன்றாட வாழ்வில் விக்கிரகங்கள்: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும், ஆராதனை முடிந்து வெளியே நின்று பேசும்போதும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் தங்களைப் பற்றிய பயத்தோடு கேட்கிறார்கள். சிலர் வேறொருவரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறேன். வசனம் எங்கே இருக்கிறது என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

எங்கள் வீட்டில் சிலை எதுவும் கிடையாது. அப்புறம் எப்படி விக்கிரகாராதனை வரும்?

எசேக்கியேல் 14-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோன் சிறையிருப்பில் இருந்த இஸ்ரவேலின் மூப்பர் சிலர் தீர்க்கதரிசியின் முன்னால் வந்து உட்காருகிறார்கள். கர்த்தருடைய வார்த்தையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் சிலை இருந்ததாக ஒரு வார்த்தை கூட இல்லை. ஆனாலும் கர்த்தர் எசேக்கியேலிடம், இவர்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தில் நாட்டி வைத்திருக்கிறார்களே, இவர்கள் என்னிடம் விசாரிக்கத் தகுமா என்று கேட்கிறார். தேவனுடைய வார்த்தையைக் கேட்கிற இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருடைய உள்ளத்திலும் அது இருக்கலாம் என்பது அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

பவுல் இன்னும் நேராகச் சொல்கிறார். கொலோசெயர் 3:5-ல் பொருளாசையை விக்கிரகாராதனை என்றே அழைக்கிறார். யோவான் தன் முதல் நிருபத்தை முடிக்கும் வரி இது: "பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக." பாவமன்னிப்பைப் பெற்றவர்கள் என்று அதே நிருபத்தில் அவர் யாரைச் சொன்னாரோ, அவர்களுக்குத்தான் இந்த எச்சரிப்பும். ஞானஸ்நானம் எடுத்து எத்தனை வருடம் ஆனாலும் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, விக்கிரகம் என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

தேவன் ஒருவரே தரக்கூடிய ஒன்றை வேறு எதனிடம் எதிர்பார்த்து நிற்கிறோமோ, அதுதான் விக்கிரகம். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதல் கட்டளையை விளக்கும்போது, உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதை நம்பியிருக்கிறதோ அதுவே உண்மையில் உன் தேவன் என்ற பொருளில் சொல்கிறார். ஐந்நூறு வருடங்களாகியும் அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

கவனியுங்கள், இதில் அந்தப் பொருள் கெட்டதா நல்லதா என்ற பேச்சே இல்லை. ஏசாயா 44-ல் ஒருவன் மரம் ஒன்றை வெட்டுகிறான். அதில் ஒரு பாதியை எரித்து அப்பம் சுடுகிறான், இறைச்சி பொரிக்கிறான், குளிர் காய்கிறான். அதுவரை ஒரு குற்றமும் இல்லை. மீதியை எடுத்துச் செதுக்கி அதன் முன் விழுந்து, "நீ என் தெய்வம், என்னை இரட்சிக்கவேண்டும்" என்கிறான். இரண்டும் ஒரே மரம்தான். அதனிடம் அவன் எதைக் கேட்டான் என்பதில் எல்லாம் மாறிவிட்டது. வேலை, பணம், பிள்ளை, திருமணம், நல்ல பேர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் எனக்குப் பிடித்த எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டுமா? இசை பிடிக்கும், விளையாட்டு பிடிக்கும்…

வேண்டாம். இந்தப் போதனையைக் கேட்டுவிட்டு, சந்தோஷமாக இருப்பதற்கே பயப்படும் விசுவாசிகள் இருக்கிறார்கள். அது பரிசுத்தம் என்று வேதம் சொல்லவில்லை. நாம் அனுபவிக்கிறதற்குச் சகல நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிறவர் தேவன் என்று 1 தீமோத்தேயு 6:17 சொல்கிறது. அனுபவிக்கிறதற்கு என்றே எழுதியிருக்கிறது. அதே வசனத்தின் முதல் பாதி, நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காதே என்கிறது. நம்பிக்கை கொடுத்தவர்மேல் இருக்கட்டும், கொடுத்ததை நன்றியோடு அனுபவியுங்கள். ஒரு பாட்டைக் கேட்டு மனம் நிறைந்து, "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சொல்ல முடிகிறதா? அந்த இடத்தில் விக்கிரகத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

எது விக்கிரகமாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் சொல்லப்படும் சோதனை, எதற்கு அதிக நேரம் செலவழிக்கிறாய் என்று பார் என்பது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் நாள் முழுக்கக் குழந்தையோடுதான் இருக்கிறாள். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் வேதம் வாசிக்கும் நேரத்தைவிட நோயாளிகளோடு இருக்கும் நேரம் பல மடங்கு அதிகம். அவர்கள் செய்வது கீழ்ப்படிதல். மாறாக, ஒரு நாளில் ஐந்து நிமிடம் மட்டும் எடுத்துப் பார்க்கும் ஒரு வங்கிக் கணக்கு மற்ற நேரம் முழுவதையும் ஆண்டுகொண்டிருக்கலாம்.

நேரத்தைவிட நம்பகமான சில அடையாளங்கள் உண்டு. அது பறிபோகும் என்று தெரிந்தால் எனக்குள் என்ன நடக்கிறது? துக்கம் வந்தால் அது இயல்பு. லாசரு இறந்தபோது இயேசுவும் கண்ணீர் விட்டார். ஆனால், இது போய்விட்டால் நான் வாழ்வதற்கே அர்த்தமில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னால் அங்கே நின்று பாருங்கள். அதேபோல, எதைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று பாருங்கள். பொதுவாக உண்மை பேசுகிறவர்கள்கூட ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் மட்டும் பொய் சொல்வார்கள். தன் சம்பளத்தைப் பற்றி, தன் வீட்டுச் சண்டையைப் பற்றி, தன் ஊழியத்தில் கூடின ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றி. பொய் எதைச் சுற்றிக் காவல் நிற்கிறதோ அங்கே பெரும்பாலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ஆதியாகமம் 31-ல் ராகேல் செய்ததை நினைத்துப் பாருங்கள். தகப்பன் லாபானுடைய சுரூபங்களை, அதாவது வீட்டு விக்கிரகங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்தின்கீழ் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். லாபான் கூடாரம் முழுக்கத் தடவிப் பார்க்கிறான். அவள் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியாததற்கு ஒரு காரணமும் சொல்கிறாள். தேவனுடைய வாக்குத்தத்தத்தைப் பெற்ற குடும்பத்தின் மருமகள் அவள். அவள் கணவன் யாக்கோபுக்கே விஷயம் தெரியாது. யார் தேடினாலும் எழுந்திருக்காமல் நாம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நல்ல கேள்வி.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது கடைசி அடையாளத்தைத்தான்: இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? விக்கிரகம் பலி கேட்கும். பழைய ஏற்பாட்டில் மோளேகு என்ற அந்நிய தேவனுக்கு ஜனங்கள் தங்கள் பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணினார்கள். கர்த்தர் அதை லேவியராகமத்தில் தடை செய்கிறார், எரேமியாவின் காலத்திலும் ஜனங்கள் தங்கள் பிள்ளைகளை அக்கினியில் தகனித்ததற்காகக் கண்டிக்கிறார். கும்பிட்டவன் பெரியவன், எரிந்தது குழந்தை. இன்றைக்கும் அப்படித்தான். ஒருவருடைய பதவி ஆசைக்கு மனைவி தனிமையில் விலை கொடுக்கிறாள். ஒருவருடைய நல்ல பேருக்குப் பிள்ளைகள் வாய் மூடி விலை கொடுக்கிறார்கள். என் இருதயத்தை நான் எவ்வளவு ஆராய்ந்தாலும் அது எனக்குச் சாதகமாகத்தான் பேசும். என்னைச் சுற்றி இருப்பவர்களில் யார் வாடிப்போயிருக்கிறார்கள் என்று பார்த்தால், என் விக்கிரகம் எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

பணம் சேமிப்பது விக்கிரகாராதனையா?

சேமிப்பது ஞானம். யோசேப்பு எகிப்தில் ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். அதனால் எகிப்தும் பிழைத்தது, அவனை விற்றுப்போட்ட அண்ணன்மாரும் பிழைத்தார்கள்.

லூக்கா 12-ல் இயேசு சொன்ன ஐசுவரியவானும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தான். ஆனால் அவன் யாரிடம் பேசுகிறான் என்று பாருங்கள். தன் ஆத்துமாவைக் கூப்பிட்டு, உனக்கு அநேக வருஷங்களுக்குப் பொருட்கள் இருக்கிறது, நீ இளைப்பாறு என்கிறான். ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் தருவேன் என்று சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருக்கிறது. அந்த வாக்கைக் களஞ்சியத்தின் பேரில் அவன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டான். அந்தப் பேச்சில் வேறு மனிதர்களே கிடையாது என்பதும் கவனிக்க வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, ஏழை இல்லை. என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், அவ்வளவுதான்.

பணக்காரருக்கு மட்டும் இந்த வியாதி வரும் என்று நினைக்க வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாதவரும், பணம் மட்டும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரவும் பகலும் நம்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் நிலைமை எதுவாக இருந்தாலும், திரும்பி வராது என்று தெரிந்தே கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். கை எந்த அளவில் நடுங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகள்மேல் அன்பு வைப்பது எப்படி விக்கிரகமாகும்?

அன்பு ஆகாது. பிள்ளையிடம் நாம் கேட்கும் ஒன்று அதை விக்கிரகமாக்கிவிடும்.

தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டான். இப்போது அவன் கண் திரையில் இல்லை, அம்மாவின் முகத்தில் இருக்கிறது. அம்மா திட்டவில்லை. "சரி, பரவாயில்லை" என்கிறார். சொல்லிக்கொண்டே கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார். யார் யார் கூப்பிடுவார்கள், என்ன சொல்வது என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் வழக்கமாக அவன் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுகிறவர், அன்றைக்கு அந்தப் பேரைத் தாண்டிப் போய்விடுகிறார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, செய்ததுகூட அவருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் தன்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் பாரம் எவ்வளவு என்று அந்த ஒரு நிமிடத்தில் அவன் தெரிந்துகொண்டான்.

பெற்றோருடைய மரியாதையையும், அவர்களுடைய நிறைவேறாத ஆசையையும், அவர்களுடைய வயதான கால நிம்மதியையும் ஒரு பிள்ளை சுமந்து தர முடியாது. அவனைத் தேவனுடைய இடத்தில் வைத்தால் முதலில் நொறுங்குவது அவன்தான். ஆசாரியனாகிய ஏலியின் வீட்டில் இதே தவறு வேறு வடிவத்தில் நடந்தது. குமாரர் செய்த அக்கிரமம் அவனுக்குத் தெரியும். வாயால் கண்டித்தான், ஆனால் தடுக்கவில்லை. என்னைவிட உன் குமாரரை ஏன் மதிக்கிறாய் என்று கர்த்தர் கேட்டார் (1 சாமுவேல் 2:29). ஒரு வீட்டில் பிள்ளை கசக்கிப் பிழியப்படுகிறான், இன்னொரு வீட்டில் யாரும் அவனைத் தட்டிக் கேட்பதில்லை. இரண்டு வீட்டிலும் சிங்காசனத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பவன் அவன்தான்.

கைபேசி என் விக்கிரகமா?

கைபேசி பெரும்பாலும் பலிபீடம்தான். அதில் யாரை ஆராதிக்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் தன் படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். அவர் தேடுவது மனிதருடைய அங்கீகாரம். அதிகாரிகளில் அநேகர் இயேசுவை விசுவாசித்தும் அறிக்கைபண்ணாமல் இருந்ததற்கு யோவான் 12:43 சொல்லும் காரணம், அவர்கள் தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள் என்பது. இன்னொருவர் செய்தியை விட முடியாமல் பார்க்கிறார். எல்லாம் தனக்குத் தெரிந்திருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார். மற்றவர் மனம் வலிக்கும்போதெல்லாம் எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். அவருக்கு வேண்டியது ஆறுதல்.

ஆகவே கைபேசியை மட்டும் உபவாசம் போட்டால் பாதி வேலைதான் முடியும். ஒரு வாரம் படுக்கையறைக்கு வெளியே வைத்துப் பாருங்கள். கை தேடும் அந்த நேரத்தில் என்ன உணர்வு எழும்புகிறது என்று கவனியுங்கள்: தனிமையா, பயமா, வெறுமையா? அந்த உணர்வின் பேரைச் சொல்லியே ஜெபியுங்கள். "ஆண்டவரே, என் நேரத்தை வீணாக்கிவிட்டேன்" என்பதைவிட, "ஆண்டவரே, யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று வலிக்கிறது" என்பது உண்மையான ஜெபம்.

வேலையில் உண்மையாக உழைப்பதும் தப்பா?

இல்லை. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்றுதான் கொலோசெயர் 3-ல் இருக்கிறது. ஆனால் உங்களால் நிறுத்த முடிகிறதா? ஓய்வுநாள் கட்டளை கொடுக்கப்பட்டது அடிமைகளாக இருந்துவிட்டு வந்த ஜனத்துக்கு. பார்வோன் அவர்களை நிறுத்த விட்டதில்லை. ஒரு நாள் வேலையை வைத்துவிட்டு உட்கார முடியவில்லை என்றால், யாருக்கு அடிமையாக இருக்கிறோம் என்று கேட்க வேண்டியதுதான். வறுமையால் ஓய்வில்லாமல் உழைக்கிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள்மேல் இந்தக் குற்றச்சாட்டை வைப்பது அநியாயம்.

ஊழியம் செய்கிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவுதானே?

அதிகம். ஊழியம் என்ற பேரில் இருப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், நாமும் கேட்டுக்கொள்ள மாட்டோம். லூக்கா 10-ல் எழுபதுபேர் சந்தோஷத்தோடு திரும்பி வந்து, உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்றார்கள். பொய்யான சந்தோஷம் இல்லை, நடந்ததைத்தான் சொன்னார்கள். அதற்கும் இயேசு, ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். ஊழியம் நன்றாக நடக்கிற நாளிலேயே அந்த எச்சரிப்பு வந்தது. கூட்டம் குறைந்த வாரத்தில் உங்கள் மனம் எப்படி இருக்கிறது? பக்கத்துச் சபை வளர்ந்தால்? நீங்கள் வீட்டில் இல்லாத இரவுகளுக்கு உங்கள் பிள்ளைகள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள்? இந்த மூன்றையும் நேர்மையாகக் கேட்டால் போதும்.

எங்கள் போதகரை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். எல்லை எது?

ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு தன் பாதத்தில் விழுந்தபோது பேதுரு அவனைத் தூக்கி, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்றார் (அப்போஸ்தலர் 10:26). லீஸ்திரா பட்டணத்தில் ஜனங்கள் தங்களைத் தெய்வங்கள் என்று நினைத்துப் பலியிட வந்தபோது பர்னபாவும் பவுலும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள். உண்மையான ஊழியக்காரர் அந்த இடத்திலிருந்து இறங்கத்தான் துடிப்பார். அவரிடம் கேள்வி கேட்டால் பாவம் என்று சபை நினைக்கிறதா? அவர் தவறு செய்தார் என்று ஒருவர் அழுதுகொண்டு வந்தால், முதலில் அவரை அமைதிப்படுத்தத்தான் தோன்றுகிறதா? அப்படியானால் மதிப்பு எல்லை கடந்துவிட்டது. அங்கே பலியாகிறவர் அந்த அழுத ஆள்.

தலையணைக்குக் கீழே வேதாகமம் வைப்பது, கழுத்தில் சிலுவை போடுவது?

சிலுவை ஒரு நினைவூட்டலாக இருக்கும்வரை குறையில்லை. அது என்னைக் காப்பாற்றும் என்று ஆகும்போது கதை மாறுகிறது. 1 சாமுவேல் 4-ல் பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கல சர்ப்பம் தேவனே செய்யச் சொன்னது, பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). வேதாகமத்தைத் தலைக்கு அடியில் வைத்து உறங்குவதைவிடத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு உறங்குங்கள்.

ஜோசியம், ராசிபலன் சும்மா வேடிக்கைக்குப் பார்க்கலாமா?

வேண்டாம். உபாகமம் 18:10-12 தெளிவாகத் தடை செய்கிறது. வேடிக்கைக்குப் பார்த்தாலும் மறுநாள் மனதில் அது வேலை செய்யும்.

இனம், நாடு, கட்சி?

சொந்த ஜனத்தை நேசிப்பது நல்லது. பவுல் தன் ஜனத்துக்காக எவ்வளவு வேதனைப்பட்டார் என்று ரோமர் 9-ல் பார்க்கலாம். ஆனால் நம் ஆட்கள் செய்தால் நியாயம், அவர்கள் செய்தால் அக்கிரமம் என்று பேச ஆரம்பித்துவிட்டால், ஒரே அப்பத்தில் பங்குபெறும் சகோதரனைவிட நம் பக்கத்து ஆள் நெருக்கமாகிவிட்டால், அதைக் கிறிஸ்துவின் சபைக்குள் பொறுத்துக்கொள்ள முடியாது. இதில் நம் சபைகள் மிகவும் மெத்தனமாக இருக்கின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தேவையானதை ஜெபத்தில் கேட்பதே சுயநலமான ஆராதனையாகிவிடுமா?

அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் இயேசுதான். தயங்காமல் கேளுங்கள். தேவனை ஒரு வழியாக மட்டும் பயன்படுத்தி வேறொன்றை அடையப் பார்ப்பதுதான் சிக்கல். நியாயாதிபதிகள் 17-ல் மீகா என்பவன் வீட்டில் சிலை செய்து வைத்து, ஒரு லேவியனைச் சம்பளத்துக்கு ஆசாரியனாகவும் அமர்த்திக்கொண்டு, இனி கர்த்தர் எனக்கு நன்மைசெய்வார் என்று நம்பிக்கையோடு இருந்தான். அவன் வாயில் கர்த்தருடைய நாமமே இருந்தது. பதில் "இல்லை" என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். பாபிலோன் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, எரியும் சூளையில் போடுவேன் என்று மிரட்டிய அந்த ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய தேவர்களை ஆராதிக்கமாட்டோம் என்றார்கள். அந்த "விடுவிக்காமற்போனாலும்" நம் ஜெபத்தில் சுலபமாக வந்துவிடாது. கண்ணீரோடு மெதுவாகத்தான் வரும், வரும்வரை தேவன் பொறுமையாக இருக்கிறார்.

எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது. எப்போதும் பயம். இது விக்கிரகாராதனை என்று ஒருவர் சொன்னார்.

அவர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துப்போடுங்கள். உடலிலும் மூளையிலும் வரும் நோய் ஒன்று, நம்பிக்கையை இடம் மாற்றி வைப்பது வேறொன்று. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தூதன் அவனை எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்விகள் அதற்குப் பிறகுதான் வந்தன. மருத்துவரைப் பாருங்கள், மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நாளே யாரிடமாவது சொல்லுங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

சில காரியங்களை அப்படியே விட்டுவிடலாம், விடத்தான் வேண்டும். யாக்கோபு தன் வீட்டாரிடமிருந்த அந்நிய தேவர்களை வாங்கி, சீகேமுக்கு அருகே ஒரு கர்வாலி மரத்தின்கீழ் புதைத்துவிட்டான். எபேசுவில் மாயவித்தைக்காரராயிருந்தவர்கள் தங்கள் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அவற்றின் கிரயம் 50,000 வெள்ளிக்காசு. விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. சூதாட்டச் செயலியோ ஆபாசமோ உங்களைப் பிடித்திருந்தால் அதற்கும் இதுதான் வழி. நீக்குங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், அடிமைப்பழக்கமாகிவிட்டிருந்தால் அதற்கான சிகிச்சைக்கும் போங்கள்.

ஆனால் பிள்ளையைப் புதைக்க முடியாது, வேலையை எரிக்க முடியாது. அவற்றை இருக்க வேண்டிய இடத்துக்கு இறக்க வேண்டும். தெசலோனிக்கேயர் விக்கிரகங்களைவிட்டுத் தேவனிடத்திற்கு மனந்திரும்பினார்கள் என்று பவுல் எழுதுகிறார். விட்டது மட்டுமே இருந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அதனால் ஜெபத்தில் விக்கிரகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காதீர்கள். அதனிடம் எதைத் தேடினீர்களோ அதைத் தேவனிடம் கேளுங்கள். பாதுகாப்பைத் தேடியவர் சங்கீதம் 46-ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கலாம். மதிப்பைத் தேடியவர் ரோமர் 8-ஐ.

அப்புறம், விலை கொடுத்தவர்களிடம் போக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட நாளிலேயே எழுந்து நின்று, ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அவனுடைய மனந்திரும்புதலுக்கு முகவரி இருந்தது. உங்கள் வேலை வெறிக்குப் பிள்ளைகள் விலை கொடுத்திருந்தால், ஆலயத்தில் அழுவதோடு நிறுத்தாமல் அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

விட்டேன். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே இடத்தில் இருக்கிறேன். தேவன் சலித்துப்போயிருக்க மாட்டாரா?

நியாயாதிபதிகள் 10-ம் அதிகாரத்தில் இதே நிலைமை இருக்கிறது. எத்தனையோ முறை விடுவிக்கப்பட்டும் மறுபடி அந்நிய தேவர்களிடம் போன இஸ்ரவேலர் கர்த்தரைக் கூப்பிடுகிறார்கள். கர்த்தர், நீங்கள் தெரிந்துகொண்ட தேவர்களிடமே போய் முறையிடுங்கள் என்கிறார். கடுமையான வார்த்தைதான். அவர்கள் போகவில்லை. எங்களுக்கு எதை வேண்டுமானாலும் செய்யும் என்று சொல்லி, அந்நிய தேவர்களை விலக்கிவிட்டுக் கர்த்தருக்கு ஆராதனை செய்தார்கள். அப்பொழுது அவர் அவர்களுடைய வருத்தத்தைப் பார்த்து மனதுருகினார் என்று 16-ம் வசனம் சொல்கிறது. மறுபடியும் வருகிறவனை அவர் தள்ளுவதில்லை. பலமுறை விழுந்தவர் தனியாகப் போராட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறையாவது உண்மையைக் கேட்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரிடம் இது தெளிவாகத் தெரிகிறது. எப்படிச் சொல்வது?

"வேலைதான் உங்கள் விக்கிரகம்" என்று ஆரம்பித்தால் அவர் காது அடைத்துவிடும். அவருடைய இருதயத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நீங்களும் பிள்ளைகளும் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை. அதைச் சொல்லுங்கள். "சின்னவள் உங்களைக் கேட்டுக் கேட்டுத் தூங்கிப்போகிறாள். எனக்கும் ரொம்பத் தனியாக இருக்கிறது" என்று, இருவரும் களைப்பில்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, வேறு பழைய கணக்கு எதையும் சேர்க்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவர் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அன்றைக்கே பதில் வராமல் போகலாம். அடித்தல், மிரட்டல் என்று இருந்தால் இந்த ஆலோசனை பொருந்தாது. அப்போது முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய், உதவி செய்யக்கூடியவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்.